வெள்ளிக்கிழமை வாளி

வெஸ்ட் ஈலிங்
6 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். மூன்று தரம் அதுதான் நடந்தது. கடிதம் என்றால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்க வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் குளத்தில் மீன் இருக்கவே கூடாது. நியூட் என்று பல்லி மாதிரி ஒரு தண்ணீர்ப் பிராணி, அதற்காகவும் தவளைகளுக்காகவும் வேலி அடித்துப் பூட்டி வைத்திருக்கிற குளம் அது. மீன் வந்தால் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். மார்ச் கடைசியில் நல்ல வெயில் எறித்த ஒரு நாள் பார்த்தால், தண்ணீருக்குள் செம்மஞ்சளாக என்னவோ அசைகிறது. யாரோ தோடம்பழத் தோல் எறிந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாம் தங்கமீன்கள், அண்ணை. கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. இந்த வருடம் தவளை முட்டை என்று சொல்ல ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை.

பூட்டு உடையவில்லை. திறப்பு இரண்டு பேரிடம்தான் இருக்கிறது, மனேஜர் ஹெலனிடமும் என்னிடமும். விசாரித்து முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் திறப்பு ஒக்டோபரில் ஒரு கிழமை முழுக்க யாரிடம் இருந்தது? குளத்து மரமேடையைத் திருத்த வந்த தச்சரிடம். அந்தத் தச்சரின் வான் வண்டிக்குள் நீல வாளியில் தங்கமீன்கள் நீந்தியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்குத் தூண்டிலுக்கு இரை என்றீர்கள். மிஞ்சியதை எங்கே ஊற்றினீர்கள் என்றுதான் நானும் மூன்று தரமாகக் கேட்கிறேன்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி கோசிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மண்டபம் எடுத்தாயிற்று. தாய்மாமன் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்காமல் அது நடக்காது, எனக்கு இருப்பதும் ஒரே ஒரு அண்ணன். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறவரை என் பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் வார்க்க விடமாட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அப்டன் பார்க்கில் இருக்கிற ஜதுசனும் ஒன்றுவிட்ட முறையில் எனக்குத் தம்பிதான். அவனைக் கூப்பிடுவேன்.

குமுதினி


வால்தம்ஸ்டோ
13 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை றஜீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜதுசன் என்ற இடம் வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்துவிட்டாள். மாமியாக நிற்பதற்கு அவள் ஜனவரியிலேயே சீலை எடுத்துவிட்டாள், உனக்குத் தெரியுமோ தெரியாது. ஜதுசனுக்குக் கோசிகாவின் முழுப்பெயர் தெரியுமா என்று அவனிடம் ஒருக்கால் கேட்டுப் பார்.

நான் அந்தக் குளத்துக்குள் ஒரு மீனையும் விடவில்லை. மேடையில் உளுத்துப்போயிருந்த பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை போட்டேன், சறுக்காமல் இருக்க மேலே கம்பிவலை அடித்தேன், திறப்பை உன் குசினிச் சுவரில் இருக்கிற ஆணியில் கொண்டுவந்து கொளுவினேன். எனக்கும் அந்தக் குளத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

இரையைப் பற்றிக் கேட்டாய். ஓம், தங்கமீனை உயிரோடு கொக்கியில் கொளுவித்தான் பைக் என்கிற பெரிய ஆற்றுமீனைப் பிடித்தேன். பாரிஸில் இருந்த காலத்தில் மார்ன் ஆற்றங்கரையில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் அப்படித்தான் பிடித்தான், கடையிலேயே பையில் கட்டித் தந்தார்கள். இங்கே வேறிடத்து மீனைக் கொண்டுவந்து இரையாக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகும் விடவில்லை, அது என் பிழை. அப்டன் பார்க் கடையில் வீட்டுத் தொட்டிக்கு என்று சொல்லித்தான் வாங்குவேன்.

சனி ஞாயிறு எனக்குக் கடை திருத்துகிற வேலை, அதனால் ஓய்வு கிடைப்பது வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. பிடிக்கிற பைக்கையும் திருப்பி ஆற்றிலேயே விட்டுவிடுவேன். வாளியில் மிஞ்சுகிற தங்கமீனை அந்த நாளில் எப்படிச் சாகவிடுவது? அவை ஒரு நல்ல வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. எந்த வீடு என்று கேட்காதே, சொல்ல மாட்டேன் என்று ஒரு ஆளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணை புவனேந்திரன்


வெஸ்ட் ஈலிங்
21 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர் வெள்ளிக்கிழமை பார்த்துத் தூண்டில் போடப் போகிறார். அம்பாள் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவாள் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தலை சுற்றியது. முதுகில் கொக்கி ஏற்றிய தங்கமீனுக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியுமா?

நல்ல வீடாம். எந்த வீடு? வேலி அடித்து, பூட்டுப் போட்டு, நடுவில் புது மரமேடை கட்டின வீடா?

ஹெலன் என்னைக் கூப்பிட்டு ஒரு மீனைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக விட்டிருந்தார்கள். முதுகுச் செட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை, சுற்றிவரத் தழும்பு. இது தூண்டிலில் இருந்து கழற்றின மீன் என்று அவர் சொன்னபோது என் காது இரண்டும் சுட்டது. அங்கே வேலை செய்கிற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அண்ணன் உயிர் இரை போடுகிறவர் என்று நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இந்த மீன்கள் சும்மா அழகுக்கு நீந்துவதில்லையாம். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும், செடி வராது. உங்கள் தூண்டிலில் இருந்து நழுவினவை ஆற்றில் இருக்கும், அவற்றின் குஞ்சுகள் கால்வாய் வழியே போகும், கொஞ்சத் தலைமுறையில் நிறம் மங்கி ஊர் மீன் மாதிரி ஆகிவிடும் என்றார் ஹெலன். பிறகு யாராலும் பிரித்தெடுக்க ஏலாதாம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

உங்கள் கொக்கி பட்ட மீன் என் குளத்தில் இருக்கிறது. இதற்கு மேலும் நீங்கள் இல்லை என்றால் நான் என்ன செய்வது? ஜதுசனிடம் பேசிவிட்டேன். வருகிறேன் என்றான்.

குமுதினி


வால்தம்ஸ்டோ
4 மே 2025

அன்புள்ள தங்கச்சி,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நாலைந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

அந்தத் தழும்பு என் நித்திரையைக் கெடுத்துவிட்டது. முதுகுச் செட்டைக்குப் பக்கத்தில் கொக்கி போடுவது என் கைப்பழக்கம்தான். அப்படியானால் அது என் மீன். என் மீன் எப்படி உன் குளத்துக்குப் போனது? நான் விடவில்லை. ஆனால் நான் விடவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? மேடை வேலை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று விடியப்புறம் ஆற்றுக்குப் போய்விட்டுத்தான் உன் குளத்துக்கு வந்தேன். வாளி வானுக்குள் இருந்தது. எனக்குக் காய்ச்சல், இரண்டு குளிசை போட்டிருந்தேன். மேடை ஓரத்தில் இருந்து தூரிகை கழுவினது நினைவிருக்கிறது. வாளியையும் கழுவினேனா? கழுவியிருந்தால் உள்ளே இருந்த மீன் எங்கே? நான் சொன்ன அந்த நல்ல வீட்டுக்கு அன்று வாளியைக் கொண்டுபோனேனா என்பதும் நினைவில்லை. யோசிக்க யோசிக்க நானே அதைக் குளத்தில் கவிழ்க்கிற மாதிரி ஒரு காட்சி வருகிறது. அது நடந்ததா, உன் கடிதத்தை வாசித்து வாசித்து வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை.

இடையில் உன் வீட்டுக்காரர் தேவராசா ஒருநாள் வந்தார். வேலை முடிந்து அப்படியே வந்தாராம். ஈலிங்கில் இருக்கிற மனிதருக்கு வால்தம்ஸ்டோ எந்த வழியில் அப்படியே வரும்? தேத்தண்ணி குடித்தார். இரண்டு தரம் என்னவோ சொல்லத் தொடங்கி, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விட்டார். நீ அனுப்பி வந்தாரோ என்று றஜீனா கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் இப்படி முடிவெடுத்தேன். என் தங்கச்சி கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள், என் கொக்கியின் தழும்பு சொல்கிறது, என் ஒருவனின் மறதி மட்டும்தான் மறுபக்கம் நிற்கிறது. வியாழக்கிழமை உன் ஹெலனிடம் போய் நான்தான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன். உயிர் இரையைப் பற்றியும் சொன்னேன். மனிசி மரியாதையாகத்தான் கேட்டார். மீன்பிடிக் கிளப்பில் என் அட்டையை வாங்கிவிட்டார்கள். அது போகட்டும்.

அண்ணை


வெஸ்ட் ஈலிங்
11 மே 2025

அண்ணைக்கு,

ஹெலன் கூப்பிட்டு நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நான் குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதலில் இல்லை என்றீர்கள், பிறகு ஓம் என்றீர்கள். இல்லை என்றபோது நம்பவில்லை. ஓம் என்றபோதும் நம்பிக்கை வருகிற பாடாக இல்லை. இது என்ன கூத்து?

ஒரே அளவு மீன்கள் இல்லையாம். விரல் நீளத்திலும் இருக்கின்றன, உள்ளங்கை அளவிலும் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரு வாளியில் வந்ததாக இருக்க முடியாது, மாரி முழுக்கப் பல தடவையாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்கிறார் ஹெலன். உங்களிடம் திறப்பு இருந்தது ஒரு கிழமை. அதற்குப் பிறகு அது என் குசினி ஆணியில்தான் தொங்குகிறது. நேராகக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். திறப்புக்கு இன்னொன்று வெட்டினீர்களா?

வீடும் சரியில்லை. ஜதுசனைக் கூப்பிட்டுவிட்டேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். வாயே திறக்காத இவர், பாதிச் சோற்றோடு கோப்பையை வைத்துவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனார். அங்கே தான் வைத்திருக்கிற மீன்தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோசிகா வேறு, மாமா வராவிட்டால் தனக்கு ஒன்றும் வேண்டாம், மண்டபக் காசைத் திருப்பி வாங்குங்கள் என்று இங்கிலிஷில் சண்டை பிடிக்கிறாள். எல்லோரும் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறீர்கள். மீன் விட்டது நானா?

குமுதினி


வால்தம்ஸ்டோ
18 மே 2025

தங்கச்சி,

நான் இன்னொரு திறப்பு வெட்டவில்லை. உன் கேள்வியை வாசித்ததும் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

பல தடவை, பல அளவு என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த பிறகு என் வாக்கை இனிமேலும் காப்பாற்றுவதில் அர்த்தம் இல்லை. நான் சொன்ன நல்ல வீடு உன் வீடுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ கனக துர்க்கை அம்மனுக்குப் போன பிறகு நான் வந்து வாளியைத் தேவராசாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். உங்கள் தோட்டத்துத் தொட்டியில் விடுகிறேன் என்பார். இரை மீன் என்று தெரிந்தால் நீ இரண்டு பேரையும் பேசித் தள்ளுவாய், அதனால் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், மீனைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஒக்டோபரில் தொடங்கி, ஆற்றில் மீன்பிடியை நிற்பாட்டுகிற மார்ச் நடுப்பகுதி வரைக்கும் கிழமைக்குக் கிழமை கொடுத்தேன். கொக்கியில் இருந்து கழற்றித் தப்பினவையும் அதற்குள் இருக்கும்.

உன் தொட்டியை எட்டிப் பார். அதில் எத்தனை மீன் இருக்கிறது?

அண்ணை


வெஸ்ட் ஈலிங்
25 மே 2025

அன்புள்ள அண்ணை,

தொட்டியில் எப்போதும் ஏழெட்டுத்தான். குறைந்ததும் இல்லை, கூடினதும் இல்லை. அதற்கு இவர் ஏன் இவ்வளவு தீன் வாங்குகிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தை இவருக்கு முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். மடித்து என்னிடம் தந்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"நீதானே சொன்னனீ, இவ்வளவு பெரிய குளத்திலை ஒரு மீன்கூட இல்லை, ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்குது எண்டு. அதுதான் கொண்டுபோய் விட்டனான்."

சொன்னேன்தான், அண்ணை. போன செப்டம்பரில், வேலைக்குப் போன முதல் கிழமையில். வேலை இல்லாமல் வீட்டில் இருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம் முடிந்து, முதல் நாள் வந்து இவரிடம் சொன்ன கதை அது. அந்தக் குளம் வெறுமையாக இருக்கத்தான் வேண்டும் என்று அடுத்த கிழமைதான் எனக்கே சொல்லித் தந்தார்கள். நான் சொல்கிறது எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், குப்பைவாளியை வெளியே வை என்று மூன்று தரம் சொன்னாலும் கேட்காத மனிதர், இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றப் போக, இவர் ஆணியில் இருந்த திறப்பை எடுத்துக்கொண்டு வாளியோடு குளத்துக்குப் போயிருக்கிறார். வெயில் காலத்தில் மீனைக் கண்டு நான் மகிழ்ந்துபோவேன் என்று மாரி முழுக்கக் காத்திருந்தாராம்.

கண்டுவிட்டு நான் வீட்டில் வந்து கத்தின கத்தில் இவருக்கு நாக்கு ஒட்டிவிட்டது. நீங்கள் ஒப்புக்கொண்டதும் இன்னும் ஒட்டிவிட்டது. மச்சான் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கேல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு இவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போய் உடுப்பு மடித்தேன்.

செவ்வாய்க்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு ஹெலனிடம் போகலாம் என்று நினைக்கிறேன். போனால் என் வேலை போகலாம். போகாவிட்டால் உங்கள் பெயர் அங்கே அப்படியே கிடக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஜூன் இருபத்திரண்டுக்கு வருவீர்களா?

குமுதினி


வால்தம்ஸ்டோ
1 ஜூன் 2025

அன்புள்ள தங்கச்சி,

ஹெலனிடம் ஒன்றும் சொல்லாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கடிதம் கிடைப்பதற்குள் செவ்வாய் போய்விட்டது, நீ என்ன செய்தாயோ தெரியாது. செய்யவில்லை என்றால் செய்யாதே. எனக்கு அட்டை போய்விட்டது, பேச்சும் வாங்கியாயிற்று. அதே குற்றத்துக்கு இன்னொரு ஆளும் பேச்சு வாங்க வேண்டிய தேவை இல்லை. தேவராசாவோடு எனக்குக் கோபமும் இல்லை. கோபிக்கலாம் என்று முயன்று பார்த்தேன், வாளியோடு அந்த மனிதர் இருட்டுக்குள் நடந்துபோவதுதான் கண்ணுக்குள் வருகிறது.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நான் பொய் சொல்லவில்லை. நான்தான் விட்டேன் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு ஹெலனுக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, என் மூளையில்தான் பழுது தேடினேன். றஜீனா என்னை டொக்டரிடம் போகச் சொன்னாள், போய்ச் சோதித்தும் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. என்னைச் சந்தேகப்பட உனக்கு எவ்வளவு சுகமாக வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோசிகாவுக்குச் சங்கிலி எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். வருவேனா என்று கேட்டிருந்தாய். மனம் ஒரு நாளைக்கு ஓம் என்கிறது, மறுநாள் அந்த மண்டபத்தில் நான் ஏன் போய் நிற்க வேண்டும் என்கிறது. ஜதுசன் நல்ல பிள்ளை. அவன் நின்றாலும் சடங்கு நடக்கும்.

அண்ணை


வெஸ்ட் ஈலிங்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தைக் கிழமை முழுக்கக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏன் அவ்வளவு சுகமாக வந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிறத்தியாரைச் சந்தேகப்பட்டால் அவர்கள் போய்விடுவார்கள், அண்ணன் எங்கே போகப்போகிறார் என்ற தைரியமாக இருக்கலாம். அது நியாயமா என்று கேட்டால் இல்லை. என்னால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை.

ஹெலனிடம் இரண்டு பேரும் போனோம். இவர் தன் அரைகுறை இங்கிலிஷில் தானே சொன்னார், என்னைச் சொல்ல விடவில்லை. திறப்பைக் கவனமில்லாமல் வைத்தது என் பிழை என்றார் ஹெலன், அது சரிதான். திறப்பை வாங்கிவிட்டார். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. குளிர்காலத்தில் குளத்தை இறைத்து மீன்களைப் பிடிக்கப் போகிறார்கள். இவர் சம்பளமில்லாமல் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போவேன். மீனை விட்டவர் புவனேந்திரன் அல்ல என்று ஹெலனைக் கொண்டு எழுதுவித்து, கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். இரை விஷயம் மட்டும் உங்கள் தலையில்தான், அதை என்னால் இறக்க ஏலாது.

ஜதுசனிடம் பேசினேன். தைக்கக் கொடுத்த கோட்டை என்ன செய்வது என்று கேட்டான். அதைப் போட்டுக்கொண்டு விருந்தாளியாக வா என்றேன்.

தாய்மாமனைக் கடிதம் எழுதிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்கள் வேலைக்குப் போவதற்கு முதல், இவரும் நானும் கோசிகாவும் வெற்றிலைத் தட்டோடு வால்தம்ஸ்டோவுக்கு வருகிறோம். நீங்கள் வருவீர்களா என்று இனிக் கேட்க மாட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் வாசலில் நின்று கேட்கிறோம். ஏச வேண்டும் என்றால் அண்ணியையும் வைத்துக்கொண்டு ஏசுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

கதவை மட்டும் திறந்துவிடுங்கள், அண்ணை.

உங்கள் தங்கச்சி,
குமுதினி